வெறும் மணலில் வந்த தங்கம்

என் வீட்டுக்காரருக்கு எங்கள் வீட்டார் வைத்த பெயர் கல்லுளிமங்கன். நிலவியலில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற மனுஷன். கல்லைக் கண்டால் பேச்சு அருவியாகக் கொட்டும். பெண்டாட்டியைக் கண்டால் வாயில் பூட்டு. கல்யாணப் பேச்சு எடுத்த அன்று என் அப்பா, "என்ன வேலை தம்பி பாக்கறீங்க?" என்று கேட்டார். "யூனிவர்சிட்டில கல்லு உடைக்கிறேன்" என்று பதில் வந்தது. "ஜெயில்லயும் அதைத்தானே செய்யச் சொல்றாங்க?" என்றார் அப்பா. அதற்கு இவர் சிரிக்கக்கூட இல்லை. எனக்கு என்னவோ அந்த இடத்திலேயே பிடித்துப்போயிற்று. தலையெழுத்து!

ஒரு மலையின் பாறைகளுக்குள் வெள்ளைக் கல் கோடு கோடாக ஓடுகிறது. அதில் தங்கம் இருக்கிறதா என்பதுதான் ஆராய்ச்சி. சுத்தியலால் உடைத்து, துணிப்பையில் கட்டிக்கொண்டு வருவார். துறையின் பின்கட்டில் ஒரு ஜன்னல் இல்லாத அறை. அங்கே இயந்திரத்தில் போட்டு மாவாக அரைத்து, சல்லடையில் கையால் தேய்த்துச் சலித்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். வீட்டுக்கு வரும்போது புருவம் வரை வெள்ளைத் தூசி. கல்யாணத்துக்கு முன்பு அரைத்த கல் எதிலும் ஒரு பொட்டுத் தங்கம் இல்லை. கல்யாணத்துக்குப் பின் அரைத்ததில் வந்தது! கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனாலும் அவருடைய ஆராய்ச்சியை வழிநடத்திய பேராசிரியர், அவர் வாயில் கைடு, தலைகால் புரியாமல் குதித்தார். கட்டுரை வெளியாயிற்று. பட்டம் கைக்கு வந்ததும் வேலை என்று ஒரு கல்லூரி வாக்குக் கொடுத்தது. "எல்லாம் என் பொண்ணு வந்த ராசி" என்று அப்பா போகிற இடமெல்லாம் பீற்றிக்கொண்டார். நான் மட்டும் என்ன? மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்று, என் ஒருத்தி சம்பளத்தில் குடும்பத்தை இழுத்துக்கொண்டிருந்தவள், இனிமேல் உட்காரலாம் என்று நினைத்தேன்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒரு வாரம் இருக்கும்போது, சாப்பிட உட்கார்ந்தவரின் விரலைப் பார்த்தேன். கல்யாணத்தன்று நான் போட்ட மோதிரம் இல்லை.

"எங்கங்க மோதிரம்? அடகுக்கடையா, இல்ல எவளாவது கேட்டாளா?"

தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் கத்தினேன். பாத்திரத்தை நங்கென்று வைத்தேன். கடைசியில் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே மோதிரம்.

"மலையில தங்கம் இல்ல" என்றார். "இதுலேர்ந்து வந்திருக்கு."

எனக்கு விளங்கவில்லை. மெதுவாகச் சொன்னார். கடைசியாக எல்லாம் சரிதானா என்று பார்க்க, தங்கமே இல்லாத வெறும் மணலை அதேபோல் சலித்து அனுப்பியிருக்கிறார். அதிலும் தங்கம் வந்திருக்கிறது. மோதிரத்தைக் கழற்றிவிட்டு மறுபடி சலித்திருக்கிறார். வரவில்லை. மிச்சம் வைத்திருந்த மலைக் கல்லையும் வெறுங்கையோடு அரைத்துப் பார்த்தாராம். அதிலும் ஒன்றுமில்லை. சல்லடையில் கை உரசும்போதெல்லாம் என் மோதிரம் தேய்ந்து மாவில் கலந்திருக்கிறது. படிக்கிற காலத்திலேயே சொல்லிக்கொடுப்பார்களாம், நகையோடு இந்த வேலை செய்யாதே என்று. "கழட்ட மனசு வரல" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை வேறு எந்த நாளில் சொல்லியிருந்தாலும் மனம் குளிர்ந்திருப்பேன். அன்றைக்கு வயிறுதான் பற்றி எரிந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த கதைதான்!

"இது யாருக்குத் தெரியும்?"

"உனக்கு. எனக்கு."

"அப்போ பேசாம குடுத்துடுங்க. அந்த மலையை யாரு போய்த் தோண்டிப் பாக்கப்போறா? பட்டம் வரட்டும், வேலை வரட்டும். உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

தலையையும் ஆட்டவில்லை, மறுக்கவும் இல்லை. கல்லுளிமங்கன்.

மறுநாள் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"கைடுகிட்ட சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"மணல் சோதனைத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு ஆய்வேட்டைக் குடுன்னாரு. இல்லேன்னா கையெழுத்துப் போட மாட்டாராம். மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

தரையைப் பார்த்தார். "அவர் முன்னாடி எனக்குப் பேச்சு வரல. என் வீட்டுக்காரி ஒத்துக்க மாட்டா சார்னு சொல்லிட்டேன்."

"நானா! நான் எப்போங்க அப்படிச் சொன்னேன்?"

"வேற யாரைச் சொல்றது?" என்றார். "எனக்கு வேற யாரு இருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. கைடு. என்னிடம் கொடுக்கச் சொன்னாராம். வாங்கிக் காதில் வைத்தேன்.

"அம்மா, அவன் பிழைக்கத் தெரியாதவன்" என்றார் கைடு, இதமான குரலில். "நீங்க வேலைக்குப் போறவங்க, உலகம் தெரிஞ்சவங்க. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது."

நேற்று ராத்திரி நான் சொன்ன அதே நியாயம். என் வாயிலிருந்து வந்தபோது நன்றாகத்தான் இருந்தது. கைடு சொல்லிக் கேட்கக் கூசியது. எதிரில் என் வீட்டுக்காரர் பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளைபோல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கல்லூரி வேலை, மருந்துக்கடையில் வீங்கிப்போகிற என் கால், அப்பாவின் பீற்றல் எல்லாம் கண்முன் வந்தன.

"அவர் சொன்னது சரிதான் சார்" என்றேன். "நான் ஒத்துக்க மாட்டேன்."

மறுமுனையில் கைடு ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வர, என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினேன்:

"உங்க உண்மையைக் காப்பாத்த என்னைப் பொய் சொல்ல வெச்சுட்டீங்களே!"