இடுப்பு வலி என்று எழுதாதீர்கள்

கம்பவுண்டர் உத்தியோகத்தில் மருந்து கலக்குவது பாதி. வருகிறவன் பெஞ்சில் எப்படி உட்காருகிறான் என்று பார்ப்பது மீதி. நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு பஞ்சாயத்து டிஸ்பென்சரியில் இருபத்தாறு வருஷம் பார்த்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இதை வாசிக்கிறவர்கள் ஆறுதல் எதிர்பார்க்க வேண்டாம். என்னிடம் இல்லை.

சுவரைத் தேடுகிறவன்

வயிற்று வலிக்காரன் பொத்தென்று உட்காருவான். காய்ச்சல்காரன் சாய்ந்துவிடுவான். இடுப்பு போனவன் மட்டும் முதலில் சுவரைத் தேடுவான். ஒரு கையை அதில் ஊன்றி, பலகை சுடுகிற மாதிரி மெதுவாக இறங்குவான். கழுத்து போனவளைக் கூப்பிட்டால் தலையைத் திருப்பமாட்டாள், உடம்போடு திரும்புவாள். நடவு நடுகிறவர்களும் நெல்லுக்கட்டு சுமக்கிறவர்களும் வருகிற இடம். நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

கோவிந்தசாமி சுவரைப் பிடித்துத்தான் இறங்கினான். ஆறு மா நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவன். நாற்பது வயசுகூட இருக்காது. "இடுப்பா?" என்றேன். "இடுப்பெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு, ஒரு இருமல் மருந்து மட்டும் குடுங்க."

காலில் வந்த இருமல்

இருமல் பொய்யில்லை. என் எதிரிலேயே இருமினான். ஆனால் நெஞ்சைப் பிடிக்காமல் பின்தொடையைப் பிடித்தான். இருமினால், தும்மினால் பிட்டத்திலிருந்து குதிகால் வரை கம்பியை இழுத்த மாதிரி சுண்டுகிறதா? அது சளி இல்லை. முதுகெலும்பில் நரம்பு மாட்டிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கும் அப்படி இருந்தால் பாட்டில் பாட்டிலாக இருமல் மருந்து குடிக்காதீர்கள்.

நோட்டில் எழுதப் பேனாவை எடுத்தேன். கையைப் பிடித்துவிட்டான். உழுகிறவன் பேரைக் குத்தகைதாரர் என்று பதியச் சட்டம் வந்திருந்த சமயம். சொந்த உடம்பால் பாடுபடுகிறவனாக இருக்க வேண்டும். மிராசுதார், "அவன் வயலில் இறங்குவதே இல்லை" என்று ஆட்சேபணை எழுதிப் போட்டிருந்தார். மார்கழியில் தாசில்தார் விசாரணை. "இடுப்பு வலின்னு எழுதிடாதீங்கய்யா, அந்த ஒரு எழுத்துல என் நிலம் போயிடும்."

இருமல் என்றே எழுதினேன்.

அட்டை

புரட்டாசி நடவில் அவன் பெண்சாதி அஞ்சலை அவனை இழுத்துக்கொண்டு வந்தாள். புறங்காலில் அட்டை ஒன்று ரத்தம் குடித்துப் புளியங்கொட்டை மாதிரி உப்பித் தொங்குகிறது. வயலிலிருந்து டிஸ்பென்சரி வரை அதோடு நடந்து வந்திருக்கிறான், தெரியவில்லை. ஊசியால் பெருவிரலைக் குத்தினேன். "எப்பய்யா குத்துவீங்க?" என்றான். வலி குறைந்துவிட்டது என்று அவனுக்குச் சந்தோஷம் வேறு.

இதைக் கவனியுங்கள். வலிக்கிற வரைக்கும் நரம்புக்கு உயிர் இருக்கிறது. வலி போய் மரத்துப்போனால் அது குணமில்லை. டாக்டர் பார்த்துவிட்டுத் தஞ்சாவூர் போ, ஆபரேஷன், மூன்று மாதம் படுக்கை என்றார். அஞ்சலை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மூணு மாசம் இவரு படுத்துட்டா, தாசில்தார் வர்றன்னிக்கு நீங்க வந்து எங்க சேத்துல எறங்கி நிப்பீங்களா?"

சீட்டில் ஒரு வரி

தஞ்சாவூரில் படுக்கை சும்மா கிடைக்காது. சீட்டில் கொஞ்சம் அழுத்தி எழுதினால்தான் சேர்ப்பார்கள். எல்லா டிஸ்பென்சரியிலும் அதுதான் வழக்கம். சீட்டு ஆஸ்பத்திரியைத் தாண்டாது என்று எனக்கு நினைப்பு. "ஆறு மாதமாக வயல் வேலை அறவே செய்ய இயலவில்லை" என்று எழுதி, டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். அன்று காலைதான் அவன் சேற்றைச் சமன்செய்து பரம்படித்துவிட்டு வந்திருந்தான். சீட்டை மடியில் செருகிக்கொண்டு போனான். தஞ்சாவூருக்குப் போகவில்லை. கார்பன் நகல் என் நோட்டில் கிடந்தது.

நாலு நாள் கழித்து மிராசுதாரின் காரியஸ்தர் கழுத்து வலி என்று வந்தார். உடம்போடு திரும்பி உட்கார்ந்தார், சரியாகத்தான் செய்தார். தைலம் எடுக்க அலமாரிப் பக்கம் போய்த் திரும்புகிறேன். அவர் கழுத்து மட்டும் தனியாக, சுகமாக, என் நோட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறது. பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "உங்க கை ராசியான கைங்க கம்பவுண்டர் சார், தைலம் படறதுக்கு முன்னாலயே தேவலையாயிடுச்சு."

நிமிர்ந்து நின்றவன்

மார்கழியில் என்னையும் நோட்டோடு வரச்சொல்லி ஆள் வந்தது. சாவடியில் விசாரணை. கோவிந்தசாமி கம்பம் மாதிரி நிமிர்ந்து நின்றான். பனி விலகாத காலையில் நெற்றியெல்லாம் வேர்வை. இதுவும் ஓர் அறிகுறிதான். பார்க்கத் தெரிந்தவன் அங்கே நான் ஒருத்தன். அவன் உழுததைப் பார்த்தோம் என்று நாலு பேர் சொன்னார்கள். தாசில்தார் என் வரியைச் சத்தமாக வாசித்தார். படுக்கைக்காகக் கூட்டி எழுதினேன் என்றேன். கண்ணாடியைக் கழற்றினார். "ஆஸ்பத்திரிக்கு எழுதினது பொய்யா, இப்ப எங்கிட்ட சொல்றது பொய்யா, எதுன்னு ஒண்ணு சொல்லுங்க."

அவன் பேர் ஏறவில்லை. வெளியே வந்தான். வலது கால் விரல்கள் மண்ணைக் கோடு கிழித்துக்கொண்டே வந்தன. இப்போதாவது தஞ்சாவூருக்குப் போ என்றேன். என்னை வைவான் என்று பார்த்தேன். வையவில்லை. "போறேங்கய்யா, இனிமே படுத்துக்கிட்டா எனக்கு என்ன?"

என் கிறுக்கல் யாருக்கும் புரியாது என்று ஊரெல்லாம் கேலி பேசும். இருபத்தாறு வருஷத்தில் ஓர் எழுத்துக்கூடத் தடுமாறாமல் அதைப் படித்தவர் அந்தத் தாசில்தார் ஒருவர்தான்.