அத்தானின் பெயர் பெரேரா

ரொறன்ரோவில் தமிழர் நிறைந்த மல்வேர்னில் நாங்கள் குடியிருந்த மாடிக்கட்டடத்தின் வாசலில், அழைப்பு மணிப் பொத்தான்களுக்குப் பக்கத்தில், குடியிருப்போரின் குடும்பப் பெயர்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். இலங்கையில் போர் முடியப்போகிறது என்பதும், அது எப்படி முடியப்போகிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்துபோன அந்த வசந்தகாலத்தில் ஒருநாள், வேலை முடிந்து பஸ்ஸால் வந்திறங்கிய நான், அந்த வரிசையில் எங்கள் பெயரை மட்டும் யாரோ கூரான எதனாலோ கீறியிருப்பதைக் கண்டேன். மேலேயும் கீழேயும் இருந்த பெயர்களில் ஒரு கோடும் விழவில்லை. என்னோடு லிஃப்டில் ஏறிய இருவரின் முகத்தையும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. எங்கள் மாடி வந்ததும் இறங்காமல், அடுத்த மாடிவரை போய், படியால் இறங்கி வந்தேன்.

கீறப்பட்ட பெயர் பெரேரா. என் அக்காவின் கணவருடைய பெயர் அது. நான் கனடா வந்த நாள் முதல் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். அத்தான் மன்னார்த் தீவில் பிறந்த கத்தோலிக்கத் தமிழர். செபம் சொல்வதும் சண்டை போடுவதும் கனவில் பிதற்றுவதும் தமிழில்தான். ஆனால் இலங்கையில் பெரேரா என்றால் கேட்பவர் மனதில் முதலில் வருவது சிங்களவர்தான். கொழும்பில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தால் அது ஏதோ ஒரு பெரேராவின் முற்றத்தில்தான் விழும் என்று அத்தானே சொல்வார். போர்த்துக்கேயர் வந்து கரையோரங்களில் ஞானஸ்நானம் கொடுத்தபோது, கொடுத்தவனின் பெயரையோ பக்கத்தில் நின்றவனின் பெயரையோ சனங்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கரையில் சிங்களவரும் இருந்தார்கள், தமிழரும் இருந்தார்கள். பெயருக்கு அந்த வேற்றுமை தெரியாது. “எங்கட பூட்டன்ர பூட்டனுக்கு ஆரோ ஒரு கப்பல்காரன் ஞானஸ்நானத்தில தலைதொட்டப்பனா நிண்டிருப்பான். அவன் கப்பலேறிப் போயிட்டான், பேர் நிண்டிட்டுது” என்பது அத்தானின் வரலாறு.

கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் அந்தப் பெயர் அவரைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. சோதனைச் சாவடியில் பெயரைக் கேட்பார்கள். பெரேரா என்பார். போகச் சொல்லிக் கையை அசைப்பார்கள். பின்னால் நின்ற தமிழ்ப் பெடியன்களைத் தனியாக மறித்து நிறுத்துவதைத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவாராம். ரொறன்ரோவில் அது வேடிக்கையாகவும் ஆனது. தரைக்கு ஓடு பதிக்கும் வேலையில் அவரோடு நின்றவர்கள் அநேகமாகப் போர்த்துக்கேயர். மேற்பார்வையாளரும் ஒரு பெரேரா. முதல்நாளே, தன் நாட்டவர் என்று நினைத்து, “நீ எந்தத் தீவு?” என்று கேட்டாராம். அத்தான் மன்னாரைச் சொல்ல, அவர் தன் நாட்டுத் தீவுகளையெல்லாம் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாராம்.

அந்த வசந்தத்தில் வேடிக்கை நின்றுபோனது. அத்தானின் ஒரே தம்பி, மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, வன்னியின் கடைசிக் கடற்கரைவரை தள்ளப்பட்ட சனங்களுக்குள் இருந்தார். மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. தொலைக்காட்சியில் சனங்கள் நீரேரியைக் கடந்து வருவதைக் காட்டும்போது அத்தான் திரைக்குக் கிட்டப் போய் நின்று ஒவ்வொரு முகமாகத் தேடுவார்.

போரை நிறுத்தச் சொல்லி நகரத்தின் நடுவே தமிழர்கள் கைகோத்து நின்ற ஒரு நாளில் நாங்கள் மூவரும் போயிருந்தோம். யாரோ ஒரு செய்தியாளர் ஒலிவாங்கியை நீட்டி அத்தானின் பெயரைக் கேட்டார். சொன்னார். பக்கத்தில் நின்ற இளைஞர்கள் சட்டென்று திரும்பினார்கள். செய்தியாளர் நகர்ந்ததும் ஐந்தாறு பேர் எங்களைச் சுற்றி நின்றுவிட்டார்கள்.

“அங்கிள், நீங்க சிங்களமா? வை ஆர் யூ ஹியர்?” என்றான் ஒருவன். இன்னொருவன், “உவர் படம் எடுத்துக்கொண்டு நிண்டவர், நான் கண்டனான்” என்றான். அத்தானிடம் அன்று கமராவே இருக்கவில்லை. அக்கா அவர்களுக்கும் அத்தானுக்கும் நடுவில் போய் நின்றாள். எங்களைச் சுற்றி ஆயிரம் தமிழர் நின்றார்கள், அவர்களில் ஒருவரைக் கூப்பிடவும் எனக்கு வாய் வரவில்லை.

“தம்பிமார், என்ர கூடப்பிறந்தவன் அங்க கிடக்கிறான். உயிரோட இருக்கிறானோ எண்டும் தெரியாது” என்றார் அத்தான். அவர் குரலையோ அவருடைய தமிழையோ கேட்டு, வட்டம் மெல்ல விரிந்தது. “சொறி அங்கிள்” என்று ஒருவன் சொன்னான். அவன் கண் கலங்கியிருந்தது. அவனுக்கும் அங்கே யாரோ இருந்திருக்கலாம்.

திரும்பி வரும்போது சுரங்க ரயிலில் அத்தான் ஒரே ஒரு தடவைதான் பேசினார். “இங்கயே இப்பிடியெண்டா, அங்க அவனை ஆர் நம்புவினம்? எங்கட ஆக்களுக்கு அவன் சிங்களவன். ஆமிக்காரருக்கு, சிங்களப் பேருக்குப் பின்னால ஒளிச்சிருக்கிற புலி.” அதற்குமுன் அப்படியொரு பயம் எங்களுக்குத் தோன்றியதே இல்லை. அதன்பிறகு வேறெதுவும் தோன்றவில்லை.

போர் முடிந்துவிட்டதாக அறிவித்ததற்குப் பிந்திய ஒரு ஞாயிறு காலை, பூசைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன். ஓர் ஆண் குரல், சிங்களம். எனக்கு அந்த மொழி தெரியாது. பெரேரா என்ற சொல் மட்டும் விளங்கியது. அத்தான் ஓடிவந்து வாங்கினார். கேட்டுக்கொண்டே இருந்தார். மறுகையைச் சுவரில் ஊன்றிக்கொண்டார். கேள்வி திரும்பவும் கேட்கப்பட்டது என்பது அந்தக் குரலின் அதட்டலில் தெரிந்தது. அத்தான் கண்களை மூடிக்கொண்டு, சிங்களத்தில் மூன்று நான்கு வாக்கியங்கள் சொன்னார். இணைப்பு அறுந்தது.

“ஆமிக்காரன். தங்களிட்டப் பெரேரா எண்டு ஒருத்தன் நிக்கிறானாம். உனக்கு அவன் என்ன முறையெண்டு கேட்டான்” என்றார்.

“நீங்கள் என்ன சொன்னீங்கள்?” என்று அக்கா கேட்டாள்.

“என்ர தம்பி எண்டன். நாங்கள் தமிழர், பரம்பரையாப் பெரேரா எண்டன்.” சொல்லிவிட்டு அப்படியே தரையில் இருந்துவிட்டார். “தமிழெண்டு ஏன் சொன்னன்? கனடாவில அண்ணன் இருக்கிறான் எண்டு இப்ப அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. நானே அவனைக் காட்டிக் குடுத்திட்டனோ?”

நாங்கள் பூசைக்குப் போகவில்லை. அந்த எண்ணுக்குத் திரும்ப எடுத்தபோது யாரும் பதிலளிக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த வாரங்களில் அத்தான் தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோவார். ஒருநாள் வேலையால் வந்தவர் சப்பாத்தையும் கழற்றாமல் வாசலில் நின்று, “பெயார்ஸ் மரமாம்” என்றார். மத்தியானச் சாப்பாட்டின்போது மேற்பார்வையாளரிடம் தங்கள் பெயரின் அர்த்தத்தைக் கேட்டிருக்கிறார். அவருடைய மொழியில் பெரேரா என்றால் பேரிமரம்தான், பெயார்ஸ் காய்க்கிற மரம். “என்ர தம்பியை ஒரு மரத்தின்ர பேருக்காகக் கொல்லப்போறாங்கள்” என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு வேறொன்றாக மாறியபோது அக்கா என்னை உள்ளே போகச்சொல்லிக் கண் காட்டினாள்.

தம்பியின் குரலை நாங்கள் கேட்டபோது கோடை வந்துவிட்டிருந்தது. முள்வேலி முகாமிலிருந்து யாருடையதோ கைபேசியில் பேசினார். நீரேரியைக் கடக்கையில் அடையாள அட்டை தொலைந்துவிட்டதாம். பெயரைச் சொன்னதும், சிங்களப் பெயரைக் களவாக வைத்திருக்கிறாய் என்று விசாரணைக்காரர் அவரைத் தனியாக ஒரு வரிசையில் நிறுத்தினாராம். மனப்பாடமாக இருந்தது எங்கள் தொலைபேசி எண் ஒன்றுதான். அதைச் சொன்னாராம். எடுத்துக் கேட்ட விசாரணைக்காரர், பேசி முடித்ததும், இவன் சொன்னதைத்தான் அவனும் சொல்கிறான் என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொல்லிவிட்டு, தம்பியை மற்றச் சனங்களோடு போய் நிற்கச் சொன்னாராம்.

“அண்ணை, நீ தெரியாதெண்டு சொல்லியிருந்தா என்னையும் அந்தப் பஸ்ஸில ஏத்தியிருப்பாங்கள்” என்றார். அந்த வரிசையில் நின்றவர்களைப் பஸ்ஸில் கொண்டுபோனார்கள். எங்கே என்று அவர்களுடைய மனைவிமார் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தம்பி இப்போது மன்னாரில் இருக்கிறார். தன் பிள்ளைகளுக்கு அந்தக் குடும்பப் பெயரை அவர் வைக்கவில்லை. அத்தான் அதைக் குறையாகச் சொன்னதில்லை. அவரும் அக்காவும் ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் நகரில் வீடு வாங்கிப் பல வருடங்களாகிவிட்டன. போன மாதம் நான் அங்கே போயிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அத்தான் கதிரையிலிருந்து எழுந்து, நிமிர்ந்து நின்று, “யெஸ், பெரேரா ஸ்பீக்கிங்” என்றார். வீட்டுச் சூடாக்கியின் காற்றுக்குழாய்களைத் துப்பரவு செய்யவேண்டுமா என்று கேட்கிற வழக்கமான அழைப்பு. அந்தப் பெண் பேசப் பேச அவர் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு வையுங்கோவன் அத்தான்” என்றேன்.

தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, “பொறு, அவ ஏதும் கேக்கிறாவோ தெரியாது” என்றார்.