தாகம் எடுக்காத தண்ணீர்

காலை ஏழு மணிக்குக் காரைக்குடி ரயில் நிலையத்தில் இறங்கும்போதே நாக்கு வறண்டிருந்தது. எனக்கு இது புதிதல்ல. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு ஒரு நாளைக்கு எனக்கு அனுமதி முக்கால் லிட்டர். காபி, ரசம், மாத்திரைக்கான தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆர்.ஓ. தண்ணீர் உடம்புக்கு நல்லதா, காய்ச்சியதா, செப்புப் பானையில் வைத்ததா என்று ஊரே வாதாடுகிறது. நானும் மருத்துவரிடம் கேட்டேன். "உங்களுக்குக் கம்மியான தண்ணிதான் நல்ல தண்ணி" என்று சொல்லிவிட்டார்.

அப்படிப்பட்டவன் தண்ணீர் குடிக்கவென்றே சென்னையிலிருந்து ரயிலேறினேன் என்றால் சிரிப்பீர்கள். காரணம் வயிரவன். டயாலிசிஸில் எனக்குப் பக்கத்துப் படுக்கை, கீழச்சிவல்பட்டிக்காரர். "எங்க ஊருணித் தண்ணி ஒரு டம்ளர் குடிச்சா மறுநா வரைக்கும் தாகம் எடுக்காதுண்ணே" என்று ஊசி குத்தும்போதெல்லாம் சொல்வார். தாகத்திலேயே குடியிருப்பவனிடம் இதைச் சொன்னால் ஆசை வராதா? போய்க் குடித்துவிட்டு வருகிறேன் என்றதும், "எனக்கும் ஒரு பாட்டில் கொண்டாங்க" என்று காலி பாட்டிலையும் கையில் கொடுத்தார்.

ஆட்டோவுக்குப் போக வர எழுநூறு ரூபாய். வழியில் டீக்கடையில் நிறுத்திய ஓட்டுநர், கேட்காமலே ஒரு டம்ளர் தண்ணீரை என் முன் வைத்தார். வேண்டாமென்றேன். "ஏன் சார், எங்க ஊர்த் தண்ணி ஆகாதா?" என்றார். விளக்கினால் பரிதாபப்படுவார். டம்ளரை அவர் பக்கமே நகர்த்தி வைத்தேன்.

ஒன்பது மணிக்கு ஊருணிக் கரையில் நின்றோம். குடிதண்ணீர்க் குளம் என்பதால் யாரும் கால் நனைப்பதில்லை. படிகள் சுத்தமாக இருந்தன. அவ்வளவு தண்ணீரையும் பார்த்தபோது எனக்கு அழுகை முட்டியது. வியர்வையைத் துடைப்பதுபோல் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வயிரவனின் அக்கா மெய்யம்மை வீடு அடுத்த தெருவில். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு ஓரமாகக் கேன் தண்ணீர் நின்றது. "நாங்க குடிக்கிறது இதுதாண்ணே, கேனு முப்பது ரூவா. நீங்க வாரீகன்னு தம்பி போன் பண்ணுனான். அதான் ஊருணியில எடுத்து, வடிகட்டி, காய்ச்சி ஆற வச்சிருக்கேன்" என்றார்.

காலைக் காபியைக்கூட விட்டுவிட்டுச் சேமித்த ஒரு டம்ளர். மெதுவாகக் குடித்தேன். லேசான மண்வாசனை, மற்றபடி தண்ணீர், தண்ணீராகவே இருந்தது. ஆனாலும் கடைசிச் சொட்டு வரை டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்திருந்தேன்.

பாட்டிலை நீட்டினேன். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீக. இத நெறச்சுத் தர மாட்டேன். போன தீவாளிக்கு வந்த தம்பி செம்பு செம்பாக் குடிச்சுட்டான். மூச்சு முட்டி, மதுரைக்குத் தூக்கிட்டு ஓடுனோம். அதுக்கப்பறம் அவன இங்குட்டு வர விடல."

"ஒரே ஒரு மடக்கு?"

"ஒரு மடக்கோட அவன் நிப்பானா? நீங்களே சொல்லுங்க."

என்னாலேயே நிற்க முடிந்திருக்காது. காலி பாட்டிலின் மூடியை இறுக்கித் திருப்பித் தந்தார். வாசல் வரை வந்தவர், "நல்லா இருக்கானா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறார் என்றேன்.

ஆட்டோ மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் எனக்குத் தாகம் எடுத்துவிட்டது. ரயிலில் எதிர் இருக்கைக்காரர் இருபது ரூபாய் பாட்டிலை ஒரே மூச்சில் காலி செய்ததை, பசித்த பிள்ளை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் டயாலிசிஸ். வயிரவன் பாட்டிலை வாங்கித் திறந்து, மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"ஆச்சி குடுத்திருக்காது. எனக்குத் தெரியும்." அக்காவை ஆச்சி என்பது அவர்கள் வழக்கம். "நீங்களாச்சும் குடிச்சீகளாண்ணே?"

"குடிச்சேன்."

"தாகம் எடுத்துச்சா?"

"இன்னும் எடுக்கல."

"நாஞ் சொன்னேன்ல" என்று கண்ணை மூடிக்கொண்டார். முகம் அப்படியே தெளிந்துவிட்டது. அந்த இரண்டு வார்த்தையைச் சொல்வதற்கு நான் வாயில் எச்சில் கூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.