செயலியில் வராத வீட்டுப்பாடம்

யூயுனுக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும். இந்தோனேசியாவின் மாலாங் நகரில் ஒரு சந்து. அங்கே வீட்டிலேயே துணி இஸ்திரி போட்டுக் கொடுப்பவள் அவள். ஒரு சட்டையின் காலரைத் தொட்டுப் பார்த்தே அது யூயுன் இஸ்திரி போட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். ஒன்பதாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றுபோனது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த வருடம் அது. பிறகு யாரும் போகச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. விட்டதற்கெல்லாம் சேர்த்து இப்போது தங்கை நவாங் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். நவாங் கணக்கில் நூறு வாங்கினால், துணி வாங்க வருகிற ஒவ்வொருவருக்கும் அந்தச் செய்தியும் துணியோடு மடித்துக் கொடுக்கப்படும்.

பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பெற்றோர் கவனிக்க, பள்ளியில் ஒரு செயலி கொண்டுவந்தார்கள். விடியும் முன்பே அம்மா சந்தைக்குக் காய்கறி விற்கப் போய்விடுவாள். அப்பா வேன் ஓட்டப் போய்விடுவார். ஆகவே அது யூயுனின் போனில் ஏறியது. குழந்தைக்கு என்ன உறவு என்று முதலில் கேட்டது. தந்தை, தாய், காப்பாளர் என்று மூன்றே பதில்கள். யூயுன் காப்பாளரைத் தொடப் போனாள்.

"நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்போ எம் பொண்ணுக்குக் காப்பாளரா?" என்றாள் அம்மா. "அனாதைன்னு நெனச்சு அரிசி மூட்டை குடுத்து அனுப்புவாங்க. தாய்னு போடு."

போட்டாள். இருபத்தேழு வயதில், கல்யாணம் ஆகாமலே, நவாங் அம்மா ஆனாள். பள்ளி வாசலில் பெண்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது, பிள்ளை பெயர்தான். உண்மை தெரிந்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

முடித்த பாடத்துக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி, முடிக்காததற்கு மஞ்சள், தவணை தாண்டினால் சிவப்பு. எல்லார் புள்ளியும் எல்லாருக்கும் தெரியும். நவாங்கின் பக்கம் நாற்று நட்ட வயல் மாதிரி பச்சையாகவே இருந்தது. வகுப்புத் தாய்மாருக்குத் தலைவியான ராஃபி அம்மா இதைக் கண்டு வைத்திருந்தாள். "நவாங் அம்மா பண்ணிட்டாங்களான்னு பாருங்க. அவங்க பண்ணி நாம பண்ணலைன்னா, நாமதான் எதையோ கோட்டை விட்டிருக்கோம்" என்று எல்லாருக்கும் சொல்லுவாள். தன் மகனின் சிவப்புப் புள்ளிகளை அம்மைத் தழும்பு என்பாள்.

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரமாகப் பார்த்துத்தான் அந்தச் செயலி மணியடிக்கும். நாளைக்குத் தீவுகளின் வரைபடம், கலரில். உடனே எல்லாரும் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு ஓடுவார்கள். கடை வைத்திருந்தவர் டானார், ஊருக்குப் புதியவர். அண்ணன் என்கிற மரியாதையில் எல்லாரும் அவரை மாஸ் என்பார்கள். நிதானமான ஆள். ஓரம் கோணாமல் காகிதம் வெட்டுவார். யூயுனுக்கு முதலில் பிடித்தது அந்த ஓரம்தான். பிறகு ஆளையும் பிடித்தது.

ஒரு மழை நாளில் அவர் கேட்டார். "நவாங் அம்மா, இந்த மழையில நீங்களே வரணுமா? வீட்டுக்காரரை அனுப்பக் கூடாதா?"

அப்போதே, நான் அவளுக்கு அக்கா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மனுஷரை அவர் கடையிலேயே, நாலு பேர் முன்னால் தப்பென்று சொல்ல அந்த ஊரில் யாருக்கும் வாய் வராது. அவள் வாயில் வேறொன்று வந்தது.

"அவரு வெளியூர்ல வேலையா இருக்காரு, மாஸ்."

"எங்க?"

"கடல் தாண்டி, கலிமந்தான் தீவுல."

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் டானார் வீட்டுக்காரரின் நலம் விசாரித்தார். அதற்கடுத்த வாரம் அந்த வீட்டுக்காரருக்கு எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. ஒருமுறை காய்ச்சலும் வந்தது. டானார் மாஸ் வருத்தப்பட்டு வரைபடத்துக்குச் சும்மாவே லேமினேஷன் போட்டுக் கொடுத்தார். இல்லாத புருஷனுக்கு வந்த காய்ச்சலுக்காக அன்று யூயுன் உண்மையிலேயே அழுதாள். டானாரோ அவளை ஏறிட்டுப் பார்ப்பதே இல்லை, அடுத்தவன் பெண்டாட்டி என்ற மரியாதையில்.

ஒருநாள் நவாங் தனியாகப் பென்சில் வாங்கப் போனாள்.

"உங்கப்பாவுக்கு இப்ப தேவலையா? கலிமந்தான்லேர்ந்து எப்ப வர்றாரு?" என்று டானார் கேட்டார்.

அப்பா அந்த நேரம் வீட்டில் கைலியோடு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நவாங் ஒரு கணம்தான் யோசித்தாள். "கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அக்காவின் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, நம்ம மாமா எப்படி இருப்பாரு? மீசை உண்டா?"

யூயுன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஒன்றையும் மறைக்க முடியவில்லை. மர்த்தபாக் என்கிற இனிப்பு அப்பம் ஒன்று வாங்கிக் கொடுத்து, "யார்ட்டயும் சொல்லாத" என்றாள்.

"சொல்ல மாட்டேன். நீயா எப்ப சொல்லுவ?"

"எப்படிடி சொல்லுவேன்? அவ்வளவு தூரம் வளத்துட்டேன்."

மறுநாள் நவாங் ஒரு தாளை நீட்டினாள். நம் தெருவில் தொழில் செய்யும் ஒருவரைப் பேட்டி காண்க. வீட்டுப் பெரியவர் உடன் வரவேண்டும். கீழே கேள்விகள், அவள் கையெழுத்திலேயே.

"ஆப்ல வரலையே" என்றாள் யூயுன்.

"டீச்சர் வாயால சொன்னாங்க."

யூயுன் செயலியைத் திறந்தாள். எல்லாம் பச்சை. ஒரு மஞ்சள்கூட இல்லை. அந்த டீச்சர் கழிப்பறை கழுவும் முறையைக்கூடச் செயலியில் போடுகிறவர் என்று அவளுக்குத் தெரியும். போனை மூடினாள். தன்னுடைய ஊதா ரவிக்கையை எடுத்து, வாடிக்கையாளர் துணியைவிடக் கவனமாக இஸ்திரி போட்டாள்.

"வீட்டுப்பாடம்னா செஞ்சுதானே ஆகணும்" என்றாள்.

கடையில் நவாங் பென்சிலைக் கூராக்கிக்கொண்டு கேட்டாள். பெயர், சொந்த ஊர், தொழில். டானார் மாஸ் ஒழுங்காகப் பதில் சொன்னார். அடுத்த கேள்வியை அவளே வாசித்து அவளே பதிலும் எழுதினாள். "உடன் வந்தவர் குழந்தைக்கு என்ன உறவு? அக்கா."

டானார் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினார்.

"அக்காவா?" என்றார். "அப்ப கலிமந்தான்ல இருக்கறவரு?"

யூயுன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ரப்பர்களைப் பார்த்தாள். "அவரை நான்தான் வேலைக்கு வெச்சேன், மாஸ். நேத்தோட நிறுத்திட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார். "காய்ச்சல்னு சொன்னீங்களே. நான் தொழுகையில வேற வேண்டிக்கிட்டேன்."

"அதான் வேண்டாம்னு நிறுத்திட்டேன்."

கடைசிக் கேள்வி, பேட்டி தருபவர் மணமானவரா. நவாங் வாயைத் திறக்கும் நேரத்தில் ராஃபி அம்மா ஸ்கூட்டரை நிறுத்தினாள். தாளையும் பென்சிலையும் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"நவாங் அம்மா, இது என்ன? எனக்கு ஆப்ல வரலையே."

யூயுன் பதில் தேடுவதற்குள் ராஃபி அம்மா தாளைப் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். யூயுன் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். கடைசிக் கேள்விக்குப் பதில் காலியாகவே இருந்தது.

மறுநாள் சாயங்காலம் தெருமுனையில் திருவிழாக் கூட்டம். ஐந்தாம் வகுப்பு மொத்தமும் தாய்மாரோடு வரிசையில் நின்றது. தெருவில் டீக்கடை உண்டு, சைக்கிள் கடை உண்டு. ஆனால் நவாங் அம்மா பேட்டி கண்டது டானாரை என்றால் பேட்டிக்கு உரியவர் டானார்தான். அவர் தொண்டை கட்டும்வரை பதில் சொன்னார். டீச்சருக்கோ, தான் கொடுக்காத பாடத்தை வகுப்பே முடித்து அனுப்பியது பெருமையாகிவிட்டது. அதைச் செயலியில் சேர்த்தார். எல்லாருக்கும் பச்சை விழுந்தது. நவாங்குக்கு மட்டும் மஞ்சள்: ஒரு கேள்விக்கு விடை இல்லை.

அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டு யூயுன் உட்கார்ந்திருந்தபோது ராஃபி அம்மா துணி வாங்க வந்தாள்.

"நீங்களா விட்டீங்க? கல்யாணம் ஆகலையாம் அவருக்கு. பொண்ணு பாத்துட்டாராம். யாருன்னு எங்க இத்தனை பேருக்கும் சொல்லலை. விடை எழுதி வெச்சிருக்கேன், நவாங் அக்கா வந்து வாங்கிட்டுப் போகட்டும்னாரு." பையைத் தூக்கிக்கொண்டே ஒரு படி இறங்கியவள் நின்றாள். "ஆமா, அதென்ன புதுசா, நவாங் அக்கா?"

யூயுன் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். "இருட்டறதுக்குள்ள போய்ட்டு வந்துடறேன். தவணை தாண்டினா சிவப்பு விழுந்துடும்" என்றாள்.