பங்காரம்மாவின் பழைய போர்டு

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் தனபாலுக்குப் பங்காரம்மா மேல் பல வருஷத்து வருத்தம் ஒன்று உண்டு. தன் கம்ப்யூட்டரை அவன் கழற்றினால் போதும், செல்வபுரத்தில் எம்பிராய்டரி டிசைன் போட்டுக் கொடுத்துப் பிழைக்கும் அந்த அம்மா, நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார். "மதர்போர்டை மட்டும் தொட்டுப்போடாதீங்க தம்பி" என்பார். நல்ல பாகத்தை உருவிக்கொண்டு பழசை மாட்டுகிறவன் என்று தன்னை நினைக்கிறார் என்றே அவன் எடுத்துக்கொண்டான்.

போன வாரம் அவர் பொள்ளாச்சிக்குக் கல்யாணத்துக்குப் போனபோது, கம்ப்யூட்டரைத் தூசி தட்டி வைக்கச் சொல்லி வீட்டுச் சாவியைக் கொடுத்தார். தான் யாரென்று காட்ட இதுதான் சமயம் என்று, அடிக்கடி மக்கர் பண்ணும் போர்டைக் கழற்றிவிட்டுத் தன் கைக்காசில் புதுசை மாட்டினான். பழசை உக்கடம் பழைய சாமான் கடையில் போட்டான்.

அவர் திரும்பி வந்து திறந்தபோது, 'இது பதிவு செய்த கம்ப்யூட்டர் அல்ல' என்று டிசைன் சாப்ட்வேர் நின்றுவிட்டது. விற்ற கம்பெனி எப்போதோ மூடியாயிற்று. அவர் போட்ட பூவும் மயிலும் அந்த சாப்ட்வேரில்தான் திறக்கும்.

கூப்பிட்டதும் ஓடிவந்த தனபால், திருடன் என்ற சந்தேகத்தைப் போக்கத்தான் போர்டை மாற்றிப் பழசைக் கடையில் போட்டதாகச் சொன்னான்.

"திருடுவீங்கன்னா பக்கத்துல உக்காந்தேன்? ஆளுக்குக் கைரேகை மாதிரி, அந்தப் போர்டு இருந்தாத்தான் இது தொறக்கும்னு சொல்லித்தானுங்க வித்தாங்க."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்க அம்மா."

"சொன்னா, எனக்கே பாடமான்னு மூஞ்சியத் தூக்குவீங்களே!"

தூக்கித்தான் இருப்பான். அதுதான் அவனை அறுத்தது.

வீட்டுச் சாவியை அவர் மறுபடியும் நீட்டினார். "அந்தப் போர்டைத் தேடிக் கொண்டாந்து மாட்டிப்போடுங்க தம்பி. நான் பக்கத்துல உக்காரலீங்க."