உச்சியை நோக்கி நகர்ந்த நட்சத்திரங்கள்

ஆய்வுக் குழுவில் அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர் வைத்தவன் கணினி நிரல் எழுதும் நெட்டையன். மலைமேல் இருக்கும் தொலைநோக்கி வானத்தைத் துண்டு துண்டாகப் படமெடுத்து அனுப்பும். திடீரென்று பளிச்சிட்டவற்றை நிரல் பொறுக்கித் தரும். அதில் எது நிஜமாகவே சீறிப் பொங்கிய நட்சத்திரம், எது குறுக்கே போன செயற்கைக்கோள், எது வெறும் கோளாறு என்று பகலெல்லாம் உட்கார்ந்து சலித்தெடுப்பது அவள் வேலை. பிள்ளை வளர்ப்புக்காகப் பல வருடம் வீட்டோடு இருந்துவிட்டு, படித்த வானியலைத் தூசு தட்டிக்கொண்டு திரும்பி வந்தவள். அதனாலோ என்னவோ, திங்கட்கிழமைகூட அவளுக்கு இனித்தது.

ஒரு வகைப் படம் மட்டும் அவளைப் படாதபாடு படுத்தியது. மங்கலான சிவப்பு நட்சத்திரம் ஒன்று ஒரே ஒரு படத்தில் பளிச்சிடும். அந்தப் படத்தில் மயிரிழை அளவு இடமும் மாறியிருக்கும். நட்சத்திரமாவது, நகர்வதாவது! வேறு ஏதோ குறுக்கே போயிருக்கிறது என்று குழு அவற்றைக் கழித்துக்கட்டிவிடும்.

ஒரு மதியம், சாப்பிட்ட கையோடு, அப்படிக் கழித்த படங்கள் சிலவற்றைத் திரையில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் நகர்ந்திருந்தது. மனசு கேட்காமல், ஒவ்வொரு படத்திலும் தலைக்கு நேர்மேலே இருக்கும் உச்சிவானம் எந்தப் பக்கம் என்று கோடு போட்டாள். அத்தனையும் உச்சியைப் பார்த்தே நகர்ந்திருந்தன.

"தம்பி, கொஞ்சம் இங்க வாயேன்."

நெட்டையன் குனிந்து பார்த்தான். "என்னக்கா இது, சொல்லி வச்ச மாதிரி?"

"செயற்கைக்கோள்னா கண்ட பக்கமும் போகும். இது காத்தோட வேலை. சிவப்பைவிட நீல வெளிச்சத்தைக் காத்து கூடுதலா வளைச்சு, உச்சிப் பக்கமாத் தூக்கிக் காட்டும். நட்சத்திரம் பொங்குறப்ப நீலம்தானே தூக்கலா வருது? அதான் கொஞ்சம் மேல தெரியுது."

"அப்படின்னா, காத்து அதிகமா குறுக்கிடுற அடிவானத்துப் பக்கம் இருக்கறது இன்னும் அதிகமா நகரணுமே?"

"அதையும் பாத்துடுவோம்."

பார்த்தார்கள். நகர்ந்திருந்தது. நெட்டையன் போட்ட கூச்சலில் குழுத் தலைவி தேநீர்க் கோப்பையோடு ஓடிவந்தார். குடைந்து குடைந்து கேள்வி கேட்டார். கடைசியில் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஆக, தூக்கிப் போட்டதெல்லாம் நிஜம்! இனிமே இந்த நகர்வையே ஒரு சோதனையா நிரல்ல சேத்துடுங்க."

அன்று மாலை வீட்டில் கணவர் கேட்டார். "என்னம்மா, முகத்துல இவ்வளவு வெளிச்சம்?" லிஃப்ட் பழுது பார்ப்பவர் அவர். அவள் சொல்லி முடித்ததும் தலையாட்டினார். "எங்க லிஃப்டும் இப்படித்தான். மூணாம் மாடின்னு காட்டும், நிக்கிறது ரெண்டுல."

மகளுக்குச் சிரிப்பில் புரையேறியது. அடங்கியதும் கேட்டாள். "அம்மா, அந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்துல பூமி மாதிரி ஒண்ணு இருந்தா, பொங்குறப்ப சுடாதா?"

"சுடலாம். எத்தனை தடவை பொங்குதுன்னு தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும்."

"நாளைக்குப் பாத்துச் சொல்றியா?"

"நாளைக்கேவா?" என்று சிரித்தபடி மகளின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.