குப்பனூரிலிருந்து ஒரு பதில்

மாமாவுக்கு இந்த வேலை அமைந்தால் எங்கள் வீட்டிலேயே தங்கிவிடுவார் என்று அம்மா சொன்னதிலிருந்து சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமா அம்மாவின் தம்பி. சேலத்தில் கம்ப்யூட்டர் கடையில் இருந்தவர். மலைமேல் எங்கள் வாழவந்தி எஸ்டேட் ஆபீஸின் கம்ப்யூட்டர்களையும் மலையடியில் குப்பனூர் காபிக் கிடங்கின் கம்ப்யூட்டர்களையும் கம்பியில்லாமல் அவர் இணைத்துக் காட்டவேண்டும். இணைந்துவிட்டால் வேலை அவருக்கு.

கிடங்கு ஆன்டெனாவை முந்தின நாளே பூட்டிவிட்டார். அன்று மாலை ஆபீஸுக்கு வெளியே சில்வர் ஓக் மரத்தில் ஏறி, இந்தப் பக்கத்து ஆன்டெனாவை இம்மி இம்மியாகத் திருப்பிக்கொண்டிருந்தார். உள்ளே கம்ப்யூட்டர் ஓயாமல் கிடங்கைக் கூப்பிடும். அதற்குப் பிங் என்று பெயராம். பதில் வருகிறதா என்று பார்ப்பது என் உத்தியோகம்.

"ரிப்ளைன்னு வந்தா கத்து கண்ணு. அதுவரைக்கும் கண்ணை எடுக்காதே."

பதில் இல்லை என்பதற்கு 'டைம்ட் அவுட்' என்றே வரிவரியாக விழுந்தது. கதவோரம் நின்ற, எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் மரத்தைப் பார்த்து, "ஏனுங்க தம்பி, வாசல்ல நின்னு கூப்பிட்டா அடுப்படியில இருக்கற என்ற சம்சாரத்துக்கே கேக்காது. இது குப்பனூருக்குக் கேக்குமுங்களா?" என்றார்.

சட்டென்று வரி மாறியது. 'ரிப்ளை ஃப்ரம்'. நான் கத்திய கத்தலில் ரைட்டர் மேனேஜரை அழைத்துவர ஓடினார். நான் நாற்காலிமேல் ஏறிக் குதித்தேன். மேலும் ரிப்ளை, மேலும் ரிப்ளை. மாமா இனி எங்கள் மாமா.

அவர் இறங்கிவந்து வரியைக் கடைசிவரை படித்தார். மறுபடி மரத்துக்குக் கிளம்பினார். அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். இருவரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். பிறகு மேனேஜர், ரிப்ளை வந்ததாகச் சொன்னது யார் என்று தமிழில் கேட்டார். ரைட்டர் என் பக்கம் திரும்பினார். மாமா முந்திக்கொண்டார்.

"நாந்தானுங்க. அவசரப்பட்டுச் சொல்லிப்புட்டேன்."

எனக்கு அழுகை முட்டியது. பார்த்தது நான், கத்தியது நான். பேர் மட்டும் அவருக்கா?

அந்த வரியின் மிச்சத்தைப் படிக்க நான் கல்லூரிவரை போகவேண்டியிருந்தது. அன்று பதில் சொன்னது குப்பனூர் அல்ல. எங்கள் ஆபீஸ் மேசையிலிருந்த கம்ப்யூட்டர்ப் பெட்டியேதான், 'அங்கே போக வழியில்லை' என்று சொல்லியிருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மேனேஜர் அப்போதே வந்து வேலை இல்லையென்று முடித்திருக்கமாட்டார்; ஆன்டெனாவைத் திருப்ப மாமாவுக்கு இருட்டும்வரை நேரம் இருந்திருக்கும்.

இதெல்லாம் தெரியாத நான், மறுநாள் முதல் பஸ்ஸுக்குப் பையோடு கிளம்பிய மாமா என் பாயருகே வந்து "வரட்டுமா சாமி" என்றபோது, தூங்குவதுபோல் கிடந்தேன். துணிமணி எடுத்துவரத்தானே போகிறார், திரும்பி வரட்டும், அப்போதும் பேசக்கூடாது என்று போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.